ஒட்டு மெழுகு

சனிக்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை வாசலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாள். ஜன்னலைத் தொட்டுவிட்டு மறுபடியும் சமையலறை வாசலுக்கு வந்தாள். குட்டி போட்ட பூனை கூட நடுநடுவே உட்காரும். அவள் உட்காரவில்லை. உட்கார நினைத்தாலும் கூடத்தில் இருந்த ஒரே மேஜையைக் கப்பல் பிடித்துக்கொண்டிருந்தது. நான்கு நாற்காலிகளில் மூன்றைக் கப்பலின் உதிரிப் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

மாலை நான்கு மணிக்குள் அவள் ஒரு போன் செய்ய வேண்டும். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கிறது.

பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுவது அவள் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவருக்கு எங்கே எத்தனை நிமிடம் ஓய்வு என்பதெல்லாம் அவள் பென்சிலிலிருந்து வருவது. "ரெண்டு நிமிஷம் லேட்டு" என்று அவள் சொல்லாத நாள் இல்லை என்பதால் டிரைவர்கள் அவளுக்கு 'நிமிஷம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பது நாளைக்கு முன் துறைமுக ஊரிலிருந்து கடிதம் வந்தது. அங்கே மூன்று டிப்போவுக்கும் சேர்த்து அட்டவணைப் பிரிவுக்குத் தலைமை. பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஏங்கிய நாற்காலி அது. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து புருஷனிடம் நீட்டினாள்.

அவன் படித்தான். மடித்தான். "பாப்போம்" என்றான்.

அந்த ஒரு சொல்லோடு அவள் ஆறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். முடியாது என்று சொன்னால் சண்டை போடலாம். சரி என்று சொன்னால் கட்டிப்பிடிக்கலாம். பாப்போம் என்று சொல்கிறவனை என்ன செய்வது? கதவு திறந்தும் இல்லை, பூட்டியும் இல்லை. வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அவன் பல் செட் செய்கிறவன். அவள் வீட்டில் அவனுக்குப் பெயர் பல்லழகன். லேபில் மெழுகுத் தட்டில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, டாக்டருக்கு அனுப்பி, அவர் அதை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்ப, ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி அனுப்புவான். மெழுகில் இருக்கிற வரைக்கும் எந்தப் பல்லையும் நகர்த்தலாம். அச்சில் போட்டு வேக வைத்துவிட்டால் பிறகு நகர்த்த முடியாது. இந்த ஞானத்தை அவன் லேபிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. செருப்பு வாங்கினால் நாலு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்ப்பான். 'உன்னைப் பிடிச்சிருக்கு' என்று அவளிடம் சொல்வதற்கு டிப்போ வாசல் வரை மூன்று முறை வந்து திரும்பிப் போனவன். நான்காவது முறை அவளே வெளியே வந்து, "சொல்ல வந்ததைச் சொல்லுங்க, எனக்கு அஞ்சு பத்துக்கு பஸ்" என்று கேட்டதால்தான் கல்யாணம் நடந்தது.

கப்பல் வந்து பதினோரு மாதமாகிறது. பழைய போர்க்காலத்து விமானம் தாங்கிக் கப்பல் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரி; அசலை இருநூறால் வகுத்தது. வகுத்தும் ஒன்றேகால் மீட்டர் நீளம். ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள், நாற்பது பக்கத்துக்குச் செய்முறைப் புத்தகம். அடிப்பகுதி முன்னும் பின்னுமாக இரண்டு துண்டு. மேலே விமானங்கள் ஓடும் தளம் மூன்று துண்டு. தளத்தின் வலது ஓரத்தில் கோபுரம் போல நிற்பதற்குப் பெயர் தீவு. மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கப்பல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பதினோரு மாதமாக மடியில் தட்டு வைத்தும் நின்றுகொண்டும் சாப்பிட்டார்கள்.

"கப்பல் முடியட்டும்மா. உக்காந்து பேசுவோம்" என்று போன வாரம் சொன்னான். முடியவில்லை. இன்று காலை லேபுக்குக் கிளம்பும்போது கூட, செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டு மணிக்கு வந்துடறேன், பாப்போம்" என்றான்.

பதினொன்றரை மணிக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மேஜையைக் காலி செய்ய வேண்டும். அவன் வரும்போது இருவருக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கடிதத்தை நடுவில் வைத்துக் கேட்டுவிட வேண்டும். அலமாரியின் தலையில் கப்பலுக்கு இடமிருந்தது. நாடா வைத்து அளந்தும் பார்த்தாள்.

ஒரு கையை மூக்குப் பக்கமும் ஒரு கையை வால் பக்கமும் கொடுத்துத் தூக்கினாள்.

டக்.

சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வரிசையாக நாலைந்து. கப்பல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. தளம் மூன்றாக வழுக்கி மேஜையில் விழுந்தது. தீவு உருண்டு போய்ப் பெட்டிக்கடியில் ஒளிந்துகொண்டது. அவள் ஒரு கைக்கு ஒரு பாதியாகக் கப்பலை வைத்துக்கொண்டு நின்றாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை கதவைத் தட்டினாள். சனிக்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவள். முடி வெட்டும் கடையில் வேலை. வாயும் கத்திரியும் ஒரே வேகம்.

"என்னக்கா, மாமாவோட மூத்த சம்சாரத்தை ரெண்டா பொளந்துட்டியா?"

"வாயை மூடு. கதவையும் மூடு."

"வேணும்னே செஞ்சியா, தெரியாம செஞ்சியா? போலீஸ்ல கேப்பாங்க, அதுக்குச் சொல்றேன்."

"தூக்கினேன்டி. தூக்கத்தானே செஞ்சேன். பதினோரு மாசம். இன்னைக்குப் போய் இப்படி ஆயிடுச்சே. இதைப் பாத்துட்டு அவரு என்கூட என்னத்தைப் பேசுவாரு?"

தங்கை கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். உடைந்த ஓரங்களில் மஞ்சளாக, கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் பொடியாக உதிர்ந்தது.

"இங்க பாரு. பிளாஸ்டிக் உடையவே இல்ல. பசைதான் விட்டுப் போச்சு. மட்டமான பசைக்கா. காஞ்சு மொறுமொறுன்னு ஆயிருக்கு."

அவளும் பார்த்தாள். உண்மைதான். துண்டுகள் எல்லாம் முழுசாக இருந்தன. போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"மணி என்ன?"

"பன்னெண்டு பத்து."

"ரெண்டு மணிக்கு வருவாரு. ரெண்டஞ்சுன்னு வெச்சுக்கோ. ரெண்டு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் கம்மி. அந்த டிராயர்ல நொடியில ஒட்டற பசை ரெண்டு டியூப் இருக்கு, எடு."

அட்டவணை போடுகிறவள் கையில் நேரம் கிடைத்துவிட்டால் அப்புறம் கேட்க வேண்டுமா. சுரண்டுவதற்கு இருபது நிமிடம், அடிப்பகுதிக்குப் பதினைந்து, தளத்துக்கு முப்பது, தீவுக்குப் பத்து, துடைக்க இருபது. தங்கை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மஞ்சள் பொடியைத் தேய்த்துத் தள்ளினாள். அக்கா செய்முறைப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பசை இட்டாள். ஏதோ ஒரு பக்கத்தில் பென்சிலால் அவன் என்னவோ எழுதி வைத்திருந்தான். நிறுத்திப் படிக்க நேரமில்லை.

"இவ்வளவு போதுமாக்கா?"

"இன்னும் கொஞ்சம் விடு. இந்த ஜென்மத்துல விடக் கூடாது."

"கல்யாணத்துல சொல்ற மாதிரி சொல்றே."

நடுத்தளத்தை அமுக்கிப் பிடிக்கும்போது தங்கையின் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. "அக்கா, வரல." "இழுக்காதே." "நான் இழுக்கல, கப்பல்தான் இழுக்குது." வெந்நீரும் எண்ணெயும் வைத்து விரலை மீட்பதற்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. தளத்தின் நீலச் சாம்பல் வண்ணத்தின் மேல் ஒரு கைரேகை வெள்ளையாகப் படிந்து நின்றது. அதைத் துடைக்கத் துடைக்க இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"யார் கேட்டாலும் அது மேகம்னு சொல்லு" என்றாள் தங்கை.

"கடல்ல போற கப்பல் மேல மேகம் எப்படிடி ஒட்டும்?"

"உன் புருஷன் இவ்வளவு நாள் வாயைத் திறக்காம ஒட்டிக்கிட்டிருக்காரே, அதைவிடவா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு அவன் வந்தான். சட்டையில் லேபின் வெள்ளைப் பொடி. கை கழுவினான். கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே, தினமும் செய்வது போல நேராக மேஜைக்குப் போனான். குனிந்து கப்பலை ஓரக்கண்ணால் பார்த்து, முன்தளத்தின் நுனியில் நகம் கொடுத்து நெம்பினான்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் நெம்பினான். மேஜை மேல் கப்பலே முழுசாக நகர்ந்தது.

"மாமா, டீ போடட்டுமா?" என்றாள் தங்கை. அவள் தானாக டீ போட முன்வருவது அந்த வீட்டில் அதுவே முதல் முறை.

"இது ஏன் வர மாட்டேங்குது?"

அக்கா நடையை நிறுத்தினாள். மறைத்துப் பழக்கமில்லை அவளுக்கு. நேரம் தப்பிய பஸ்ஸை நேரம் தப்பியது என்றுதான் எழுதுவாள். "நான்தாங்க. அலமாரி மேல வைக்கலாம்னு தூக்கினேன். உடைஞ்சு போச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ஒட்டிட்டோம். நல்ல பசைதான். ஒரு துண்டும் பாக்கி இல்ல."

அவன் மூன்றாவது நாற்காலியிலிருந்த பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தான்.

"உடைஞ்சிருக்காதே" என்றான் மெதுவாக. "நான்தான் ஒட்டவே இல்லையே."

"மஞ்சளா ஏதோ இருந்துச்சே மாமா" என்றாள் தங்கை.

"அது பசை இல்ல. ஒட்டு மெழுகு. உடைஞ்ச பல் செட்டு வந்தா, துண்டைச் சேத்துப் பிடிச்சுக்க லேப்ல அதை வெப்போம். வேலை முடிஞ்சதும் டக்குனு எடுத்துடலாம். தற்காலிகம். புத்தகத்துல கூட பென்சிலால எழுதி வெச்சிருந்தேனே."

"எதுவுமே ஒட்டலையா?" என்று கேட்டாள் அவள். "அடியில? தளத்துல?"

"தீவுல சின்னச் சின்ன ஏணி எல்லாம் ஒட்டினேன். பெருசு எதையும் ஒட்டல. பிளாஸ்டிக்குக்குன்னு இருக்கிற பசையை வெச்சா ரெண்டு பக்கமும் உருகி ஒண்ணாயிடும்மா. அப்புறம் பிரிக்கவே முடியாது. தளத்துக்குக் கீழ ஒரு கூடம் இருக்கு, அங்க பதினெட்டு விமானம் நிக்கணும். இறக்கையை விரிச்சு வைக்கிறதா மடிச்சு வைக்கிறதான்னு இன்னும்..." அவன் நாற்காலிக்கடியிலிருந்து ஒரு பையை எடுத்துக் காட்டினான். பதினெட்டு விமானங்கள், உடம்பு தனி, இறக்கை தனி. "உள்ள பெயின்ட் கூட அடிக்கல. இப்ப மூடிட்டீங்க."

"மூடினா யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் தங்கை. "வாயை மூடினா உள்ள இருக்கிற பல்லு தெரியவா செய்யுது?"

"எனக்குத் தெரியும்ல."

அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"பதினோரு மாசம் நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டது தற்காலிகக் கப்பலுக்கா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கப்பல் முடியட்டும், பேசுவோம்னு சொன்னீங்களே. ஒரு துண்டைக் கூட ஒட்டாதவரு எப்பங்க முடிச்சிருப்பீங்க? அடுத்த வருஷமா? நான் பாட்டுக்கு நாலு மணி நாலு மணின்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு ஒன்பது நாளா நடக்கறேன். நீங்க இறக்கையை மடிக்கலாமா விரிக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி? இப்ப கப்பல் முடிஞ்சு போச்சு. நானே முடிச்சுட்டேன். பேசுங்க."

தங்கை சத்தம் போடாமல் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதிதான் சாத்தினாள்.

அவன் விரலால் தளத்தின் இணைப்புக் கோட்டைத் தடவினான். வெள்ளைக் கைரேகை வரை போய் நின்றது விரல்.

"போன்னு சொன்னா, நானே உன்னை அனுப்பிட்ட மாதிரி ஆயிடும்" என்றான். "போகாதேன்னு சொன்னா, காலைப் பிடிச்சுக் கட்டின மாதிரி ஆயிடும். நாளைக்கு ஏதாவது சரியா வரலன்னா, நீங்கதான் சொன்னீங்கன்னு ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சு வரக் கூடாதுன்னு பாத்தேன்."

"வராது. ஏன்னா நீங்கதான் எதையுமே சொல்ல மாட்டீங்களே. பேச்சே இல்லாத வீட்டுல பழி மட்டும் எங்கிருந்து வரும்?"

"அங்க எனக்கு என்ன இருக்கு? இங்க டாக்டருங்க என் கையைப் பாத்து வேலை குடுக்கறாங்க. அங்க போனா முதல் பல்லுல இருந்து ஆரம்பிக்கணும். ஒத்து வரலன்னா?"

கேட்டுவிட்டான். ஒன்பது நாளாக, ஒருவேளை ஆறு வருடமாக, அந்த மெழுகுக்குள் கிடந்த சொல் வெளியே வந்து விழுந்தது. அவளுக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் இனிமேல் கோபித்துக்கொள்ள ஏதோ ஒன்று கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

"ஒத்து வரலன்னா வரலன்னு சொல்லுங்க. அப்ப யோசிப்போம்" என்றாள். "லேட்டா வர்ற பஸ்ஸை நான் சமாளிச்சுடுவேங்க. அடுத்த பஸ்ஸை முன்னாடி விடுவேன், டிரைவரை மாத்துவேன். வருதா இல்லையான்னே தெரியாத பஸ்ஸை என்ன பண்ண முடியும்? நாள் முழுக்க ஜனங்களை நிறுத்தி வைக்கத்தான் முடியும். நான் நின்னு நின்னு காலே மரத்துப் போச்சு."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கடிதத்தை எடுத்துக் கப்பலின் தளத்தின் மேலேயே விரித்து வைத்து, கீழே இருந்த எண்ணைப் பார்த்து போன் செய்தாள். மணி இரண்டு நாற்பது. நான்கு மணி வரை இழுத்துப் பிடிக்க அவளிடம் இனி பொறுமை இல்லை.

"போறேன்னு சொல்லப் போறேன்" என்றாள், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே. "உங்களைக் கேக்காம முடிவு பண்ணிட்டேன்னு நாளைக்குச் சொல்லலாம். தாராளமா சொல்லுங்க. நீங்க வரீங்களா இல்லையாங்கிறது மட்டும்தான் பாக்கி. அது உங்க டிக்கெட்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் எடுத்தது. அந்த ஊர் டிப்போ மேலாளர். அவள் தான் யாரென்று சொன்னாள். வருகிறேன் என்றாள். சொல்லி முடித்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. நீங்க வர மாட்டீங்களோன்னு நினைச்சுட்டேன்" என்றார் மேலாளர். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எங்க குடியிருப்புல தனி ஆளுக்கு ஒரு ரூம் காலியா இருக்கு. குடும்பத்துக்குன்னா ரெண்டு ரூம் வீடு, அதுவும் ஒண்ணுதான் மிச்சம். இன்னைக்கே எழுதிடணும். எதுன்னு எழுதட்டும்?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. போனைக் கையால் பொத்தினாள். பொத்தியும் பயனில்லை, மேலாளர் குரல் கூடம் முழுக்கக் கேட்கிற குரல். அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"தனி ஆளா குடும்பமான்னு கேக்கறாங்க" என்றாள். "இன்னைக்கே சொல்லணுமாம்."

சமையலறைக் கதவு இன்னும் ஒரு விரற்கடை திறந்தது.

அவன் உதட்டைக் கடித்தான். வலது கை தானாகக் கப்பல் பக்கம் போய், நெம்ப ஒன்றும் இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தது. அவன் வாயில் அந்தப் பழைய சொல் உருண்டு வருவது அவளுக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருந்தது. வந்தால் தனி ரூம் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"குடும்பம்னு சொல்லு" என்றான்.

"பேச்சுக்குச் சொல்றீங்களா?"

"இல்லம்மா. வரேன்."

"எப்ப?"

"லேப்ல கையில பதினாலு செட்டு இருக்கு. பாதியில விட்டுட்டு வர முடியாது. அடுத்த மாசக் கடைசியில..."

"கடைசின்னா எனக்கு எழுத வராது. தேதி சொல்லுங்க."

அவன் கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். பதினாலு வாய்கள், பதினாலு மெழுகு, பதினாலு முறை டாக்டருக்குப் போய் வருவது. அவளுக்கு அந்த அரை நிமிடம் அரை நாளாக இருந்தது.

"இருபத்தி மூணு" என்றான். "இருபத்தி மூணாம் தேதி காலையில."

"காலையிலன்னா?"

"முதல் பஸ்ஸுல. அது எத்தனை மணின்னு உனக்குத்தானே தெரியும்."

"அஞ்சு நாப்பது."

"அஞ்சு நாப்பது" என்றான் அவன். ஒரு பல்லை அச்சில் அழுத்தி வைக்கிற மாதிரி, இன்னொரு முறையும் சொன்னான். "அஞ்சு நாப்பது. அதுக்குள்ள உன் தங்கச்சி ரேகையை ஏதாவது பண்ணிக்கறேன்."

"அது மேகம் மாமா" என்றது சமையலறை.

அவளுக்குக் கண் கரித்தது. சிரிப்பும் வந்தது. எது முந்தி என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள். அவன் அவள் கையிலிருந்த போனைச் சுட்டிக் காட்டினான்.

"அம்மா, ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்று மேலாளர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கோம்" என்றாள் அவள். "குடும்பம்னு எழுதிக்குங்க."